சீல் வைத்த கவரில் என் வாய்

எனக்குப் பேரம் பேசத் தெரியும் என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. கிங்ஸ் சர்க்கிள் மார்க்கெட்டில் வாழைக்காய் வாங்கினால்கூட, அதன் முகத்துக்கு நேரே நாலு குறை சொல்லிவிட்டுத்தான் பையில் போடுவேன். (வாழைக்காய் திருப்பிப் பேசாது. என் திறமையின் ரகசியமே அதுதான்.) அந்தத் திறமையைச் செம்பூரில் ஒரு ஃப்ளாட்டின் மேல் காட்டப்போய்த்தான் மாட்டிக்கொண்டேன்.

அப்போது நாங்கள் ஊருக்கு வெளியே, தூரத்தில் கல்யாணில் வாடகைக்கு இருந்தோம். என் மனைவி ஜெயாவுக்கு மாட்டுங்காவில் ஆபீஸ். தினமும் போக வர ரயிலில் நின்றுகொண்டே பயணம், வந்ததும் முழங்கால் வலியோடு சமையல். செம்பூர் வீடு கிடைத்தால் ஒரே பஸ். வீட்டைப் பார்க்கப் போன அன்றே சமையலறை ஜன்னலுக்குத் திரைச்சீலை அளவெடுத்துவிட்டாள். விற்பவர் விஸ்வநாதன் மாமா, ரிட்டயரான பாலக்காட்டுக்காரர். மாசக் கடைசிக்குள் லோன் கிடைத்ததற்கு லெட்டர் காட்டாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

லோன் கேட்ட பேங்க், வீட்டை மதிப்பிட ஒரு வேல்யுவரை அனுப்பியது. அவர் போடும் மதிப்பை வைத்துத்தான் கடன். இது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் பக்கத்திலேயே மாமாவும் நின்றுகொண்டிருந்தார். விலையைக் குறைக்க இதைவிட நல்ல நேரம் வராது என்று என் மூளை சொன்னது.

"இந்தச் சுவர்ல மழைக்குத் தண்ணி கசியுமோ மாமா?"

"கசியவாவது! பெயிண்ட் வெளுத்திருக்கு, அவ்வளவுதான்."

"லிஃப்ட் ரெண்டு ஆளைத் தாங்குமோ? கட்டடமே லேசா இடது பக்கம் சாஞ்சாப்பல இருக்கே."

மாமா, "சிவ சிவா" என்றார். வேல்யுவர் எழுதிக்கொண்டே இருந்தார். என்ன பொறுப்பான மனுஷர் என்று நினைத்தேன். கடைசியில் மாமா களைத்துப்போய், விலை குறையாது, வேண்டுமானால் மூன்று சீலிங் ஃபேனையும் கழற்றாமல் விட்டுப்போகிறேன் என்றார். உலகத்தையே ஜெயித்த மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

பத்து நாளில் பேங்க், கேட்டதில் பாதிதான் தருவேன் என்றது. கஞ்சப் பயல்கள் என்று திட்டிவிட்டு வேறொரு கடன் கம்பெனிக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி முருகன், தாராவியில் வளர்ந்த திருநெல்வேலிக்காரர்.

"புதுசா ஒரு வேல்யுவேஷன் எடுத்துருவோம் சார்."

"மறுபடியும் ஃபீஸா? பழைய ரிப்போர்ட்டையே இங்கே மாத்திக்க முடியாதா?"

"முடியும். அந்த பேங்கு லெட்டரோட சீல் வச்ச கவர்ல குடுக்கணும். எதுக்கு சார் அந்த அலைச்சல்?"

அலைச்சலா? எனக்கா? நாலு நாள் லீவு போட்டு அந்தப் பழைய பேங்குக்கு நடந்தேன். முதல் நாள், அப்படி ஒரு வழக்கமே இல்லை என்றார்கள். இரண்டாம் நாள், அதற்கு ஃபாரம் இருக்கிறது என்றார்கள். மூன்றாம் நாள், ஃபாரத்தோடு புதுக் கம்பெனியின் லெட்டர் எங்கே என்றார்கள். நாலாம் நாள் லெட்டரைக் கொடுத்துவிட்டு, ரிப்போர்ட்டை ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டேன்.

"முடியாது. ரகசியம்" என்றார் கவுண்டரில் இருந்த அம்மாள்.

"பணம் கட்டினது நான் மேடம்."

"அதுக்குத்தான் ரசீது குடுத்திருக்கோமே."

கவரை நீட்டும்போது அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "நிஜமாவே இதுதான் வேணுமா? புதுசா ஒண்ணு எடுத்துக்கலாமே" என்று இந்தியில் சொன்னார். இதில் அவருக்கு ஏதோ கமிஷன் இருக்கிறது என்று நான் உடனே கண்டுபிடித்துவிட்டேன்.

மாசம் முடிய மூன்று நாள் இருந்தது. ஜெயாவும் அரை நாள் லீவு போட்டு வந்திருந்தாள். முருகன் கவரைக் கிழித்துப் படித்தார். பக்கத்தைப் புரட்டினார். என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"சார், 'வாங்குபவர் கூற்றுப்படி'ன்னு ஏழு எடத்துல போட்டிருக்கு."

"என்னன்னு?" என்றாள் ஜெயா.

"வாங்குபவர் கூற்றுப்படி சுவரில் நீர்க்கசிவு. வாங்குபவர் கூற்றுப்படி லிஃப்ட் பலவீனம். வாங்குபவர் கூற்றுப்படி கட்டடம் இடப்புறம் சாய்வு. ஆகவே மதிப்பு குறைக்கப்படுகிறது." முருகன் தாளைக் கீழே வைத்தார். "இதனாலதாம் சார் அங்க கொறைச்சிருக்காவ."

எந்தக் காகிதத்துக்குப் பயந்து அந்த பேங்கை விட்டு ஓடிவந்திருக்க வேண்டுமோ, அதையே நாலு நாள் லீவு போட்டு, சீல் வைத்து, பத்திரமாகத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்!

ஜெயா கத்தவில்லை. "பாருங்கோன்னா, ரயில்ல நிக்கறது நான்" என்று மட்டும் சொன்னாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று ஃபேனுக்காக அவளுடைய வீட்டைத் தொலைக்கப் பார்த்தேனே என்று வெட்கமாக இருந்தது.

முருகன்தான் காப்பாற்றினார். "இது இருக்கட்டும். புது ஆளு வந்து அவரு கண்ணால பாத்து எழுதட்டும், நாளைக்கே அனுப்புதேன். ஆனா அக்கா, நீங்க மட்டும் போங்க."

இரண்டாவது ஃபீஸை மறுபேச்சில்லாமல் கட்டினேன். மறுநாள் நான் கல்யாணிலேயே உட்கார்ந்திருந்தேன், போன் செய்யக்கூடாது என்ற உத்தரவோடு. புது வேல்யுவர் சுவரைத் தொட்டுப் பார்த்து, ஈரமில்லை என்று எழுதினாராம். நான் இல்லாத இடத்தில் கட்டடமும் நேராக நின்றதாம். மாசத்தின் கடைசி நாள் சாயங்காலம் லெட்டர் வந்தது.

அந்த வீட்டில்தான் இப்போது இருக்கிறோம். முழங்காலுக்குக் கொஞ்சம் விடுதலை. ஆனால் விஷயத்தை ஜெயா, கட்டடத்துக்காரர்கள் கூடும் சொஸைட்டி மீட்டிங்கில் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து கட்டடத்தில் யார் ஃப்ளாட்டை விற்றாலும், செக்ரட்டரி முந்தின நாளே எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார்.

"நாளைக்கு பதினோரு மணிக்கு வேல்யுவர் வர்றார். சார் எங்கேயாவது வெளியே போவாரா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து பதில் வந்துவிடும்.

"போவார், போவார். சாயங்காலம்தான் வருவார்."