ஒரு கன்னத்தோடு பெண் பார்க்கப் போனேன்

இளவயதில் எனக்கு ஒரு வியாதி இருந்தது. அதன் பெயர் 'நேரமில்லை'. ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை நான். கொழுந்தெடுக்கும் பெண்களை "சுறுக்கா, சுறுக்கா" என்று விரட்டி விரட்டியே, சோற்றைக்கூட நின்றபடி விழுங்கப் பழகிவிட்டேன். 'பதறாத காரியம் சிதறாது' என்று சொன்னவனுக்கு என்னைப்போல வேலை இருந்திருக்காது (என்று அப்போது நினைப்பு).

இந்த லட்சணத்தில், பெரகல கடைக்காரர் ஒருவரின் மகளைப் பார்க்க ஏற்பாடாயிற்று. அவளைக் கோயில் திருவிழாவில் ஒருமுறை பார்த்திருந்தேன். கட்டினால் இவளைத்தான் என்று தீர்மானமும் பண்ணியிருந்தேன். கிடைத்ததோ ஞாயிற்றுக்கிழமை அரைநாள். "நாலரைக்கு ராகுகாலம், அதுக்கு முன்னால வந்துடுங்க" என்று பெண்ணின் அப்பா சொல்லியனுப்பியிருந்தார்.

தாய்மாமனை முன்னே அனுப்பிவிட்டு, பத்து நாள் தாடியோடு பெரகல சந்தியில் சவரத்துக்கு உட்கார்ந்தேன். வரிசையில் ஆறு பேர். நாவிதர் ஆளுக்கு ஒரு கன்னத்தை மட்டும் மழித்துக்கொண்டே போனார்.

"ஏண்ணே, ஒருத்தரை முழுசா முடிச்சா என்ன?"

"அதுவரைக்கும் மத்தவன் உக்காந்திருப்பானா? இப்ப எவன் எந்திரிச்சுப் போவான், சொல்லுங்க."

நான் எந்திரிச்சுப் போனேன். மணி நாலு தாண்டியிருந்தது.

பெண் வீட்டில் மழித்த கன்னத்தைச் சபைக்கும் தாடியைச் சுவருக்கும் கொடுத்து உட்கார்ந்தேன்.

"மாப்பிள்ளை திரும்பவே மாட்டேங்கிறாரே?" என்றார் பெண்ணின் அப்பா.

"வெக்கமுங்க," என்றார் மாமா. (பாவம், அவருக்கும் மழித்த பக்கம்தான் தெரிந்தது.)

அடுப்படிக் கதவு அந்தச் சுவரில்தான் இருந்தது. தேத்தண்ணியோடு அதன் வழியே வந்தவள் தாடியைப் பார்த்தாள். சுற்றி வந்து மறு கன்னத்தையும் பார்த்தாள்.

"அப்பா, இவருக்குத் தன் மூஞ்சிக்கே நேரமில்ல. எனக்கு எங்க இருக்கப் போகுது?"

மாமா வெற்றிலைத் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். நான் விடுவதாக இல்லை.

"மிச்சத்தை முடிச்சிட்டு வந்துடுறேங்க. இன்னிக்கே."

"வாங்க," என்றாள். "அவசரமில்ல."

ஓடினால், நாவிதர் பெட்டியை மூடிவிட்டார். "ராகுகாலத்துல கத்தி தொடமாட்டேன். ஆறுக்கு மேலதான்."

ஒன்றரை மணி நேரம் சந்தியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். சாமான் வாங்க வந்த எங்கள் தோட்டத்துப் பெண்கள் ஒருவர் பாக்கியில்லாமல் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். "மத்தப் பாதியையும் சுறுக்கா முடிங்கய்யா," என்றாள் ஒருத்தி.

விளக்கு வைத்தபின், இரண்டு கன்னமும் பளபளக்கப் போய் நின்றேன்.

"இவ்வளவு நேரமும் அங்கயேவா இருந்தீங்க?" என்று கேட்டாள்.

"ஆமாங்க."

"அப்ப சரிப்பா," என்றாள் தன் அப்பாவிடம்.

இன்றைக்கும் நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பரபரத்தால் அவள் வாய் திறப்பதில்லை. ஒரு கன்னத்தை மெதுவாகத் தடவிக்கொள்வாள். பிள்ளைகளும் வரிசையாகத் தடவுவார்கள். நான் உட்கார்ந்து சாப்பிடுவேன்.