செவிட்டுக் கழுதையின்ரை பராகுவேப் பொற்காலம்

தென்னமெரிக்க றொக் இசைக்கு ஒரு பொற்காலம் இருந்ததெண்டால், அது இத்தாலியிலை, பலெர்மோ நகரத்து ஒரேத்தோப் பக்கம், மூண்டாம் மாடிக் குசினி ஒண்டுக்குள்ளைதான் நடந்தது. இதிலை ஒருத்தருக்கும் சந்தேகம் வேண்டாம்.

குழுவின்ரை பேர் 'மூலா சோர்தா'. செவிட்டுக் கழுதை எண்டு அர்த்தம். நாலு பேரும் அசல் பராகுவேக்காரர். கிழமை நாளிலை வீடு துடைப்பினம், ஞாயிற்றுக்கிழமையிலை அந்தக் குசினியிலை புரட்சி செய்வினம்.

அதிலை கித்தார் அடிக்கிற ரமீரோ ஊருக்குப் போக வெளிக்கிட்டான். தன்னோடை ஒரே கொம்பனியிலை படிக்கட்டுக் கழுவிற மன்னார்க் கொட்வினைப் பிடிச்சான்.

"ரெண்டு மாசம் குழுவிலை எனக்குப் பதிலா நில்லடா."

எங்கடை ஆக்களுக்கு இது புதினமே? மன்னாருக்குப் போறவன் தான் வேலை செய்யிற சிஞ்ஞோரா, அதுதான் வீட்டுக்கார அம்மா, வீட்டிலை மச்சானை விட்டுட்டுப் போவான். மச்சான் போகேக்கை சகலனை விடுவான். ஆக்கள் வருவினம், போவினம், வேலை நிக்கும். கொட்வினும் மாதா கோயில் பாடகர் குழுவிலை கித்தார் அடிச்சவன். ஓம் எண்டிட்டான்.

ரமீரோ திரும்பி வரேல்லை. இந்த 'மன்னார் முறை'யின்ரை மகிமையைக் கண்ட மத்தவையும் அதையே கைக்கொண்டினம். பாட்டுக்காரன் மிலானுக்குப் போகேக்கை எங்கடை றோபேட்டை விட்டான். ட்ரம்ஸ்காரன் கலியாணம் கட்டேக்கை ஜெனோஜனை விட்டான். நாலாவது ஆள் மொரீசியஸ் ஜில்பெரை விட்டான். ஒண்டரை வருசத்திலை பராகுவேக் குழுவிலை பராகுவே மட்டும்தான் இல்லை.

ஸ்பானிஷ் ஒருத்தருக்கும் தெரியாது. முதல் கச்சேரியிலை மாதா பாட்டுகளை நாலு மடங்கு வேகத்திலை அடிச்சினம். அடுத்த நாள் ஒரு விமர்சகர் எழுதினார்: "மூலா சோர்தா இப்பதான் தன்ரை வேரைக் கண்டுபிடிச்சிருக்கு. பராகுவே மலைகளின்ரை ஓலம் கேக்குது."

பராகுவேயிலை சொல்லிக்கொள்ள மலை இல்லை. விமர்சகருக்குக் கேட்டிருக்கு.

கொட்வினுக்குப் புகழ் வேண்டாம். படி கழுவிற கொம்பனி மூடிப்போட்டுது, அந்த வேலை ஒப்பந்தமும் போச்சு. தை மாசம் இத்தாலியிலை இருக்கிற அனுமதி, பெர்மெஸ்ஸோ, முடியுது. புது ஒப்பந்தம் இல்லாமல் புதுப்பிக்கேலாது. பின்னேரங்களிலை ஆறு வருசமா சிஞ்ஞோரா லொரெடானா வீட்டிலை நிலம் துடைக்கிறான். அவவிட்டை ஒரு ஒப்பந்தம் கேட்டால், போனிலை இருந்து தலை நிமிராமல், "பார்ப்பம், பார்ப்பம்" எண்டுவா.

அந்த நேரம் பார்த்து 'தென்னமெரிக்க மக்களின் தோழர்' எண்ட சங்கம் மூலா சோர்தாவுக்கு ஒரு வருச ஒப்பந்தம் தரப்போகுதெண்டு அறிவிச்சுது. ஆளாளுக்குத் தனித்தனிக் கடுதாசி. சங்கத்தின்ரை தலைவி ஆர்? சிஞ்ஞோரா லொரெடானா.

கொட்வின்ரை மனிசி அமலினி பயந்துபோய்ச் சொன்னா.

"இஞ்சருங்கோ, அவ கண்டுபிடிச்சால் இருக்கிற வேலையும் போயிடுமப்பா."

"கறுப்புக் கண்ணாடி போடுறன்."

"தொப்பியும் போடுங்கோ."

"தொப்பி, கம்பளிப் போர்வை எல்லாம் ரமீரோ விட்டுட்டுத்தான் போனவன்."

"பயமாயிருக்கேல்லையே?"

"பயந்தான். பிழையா அடிச்சாலும் அது கலையெண்டு சொல்லுவினம், விடு."

வியா மக்வேதா எண்ட தெருவுக்குப் பக்கத்து மண்டபத்திலை கச்சேரி. முடிஞ்ச உடனை சிஞ்ஞோரா மேடைக்கு ஓடிவந்து கொட்வினைக் கட்டிப்பிடிச்சு அழுதா. அவன்ரை கையைத் தூக்கிச் சனத்துக்குக் காட்டினா.

"இந்த வெடிச்ச விரலுகளைப் பாருங்கோ! ஒரு கண்டத்தின்ரை துயரம்!"

அது அவவின்ரை குளியலறைக்குப் போடுற குளோரின்.

பிறகு உள்ளறையிலை மேசை, பேனை, ஒப்பந்தம். முதல் ஆள் கொட்வின்.

"பாஸ்போட் தாங்கோ, மாயெஸ்த்ரோ."

நீட்டினான். சிஞ்ஞோரா விரிச்சு வாசிச்சா. முகம் மெல்ல மாறிச்சுது.

"சிறீலங்கா... இது தென்னமெரிக்காவிலை எந்தப் பக்கம்?"

"ஒரு பக்கமும் இல்லை, சிஞ்ஞோரா."

"அப்ப எங்கடை விதிப்படி தரேலாதே!"

கொட்வின் தொப்பியைக் கழட்டினான். கண்ணாடியைக் கழட்டினான். வேலை போனாலும் போகட்டும்.

"சிஞ்ஞோரா, என்னை வடிவாப் பாருங்கோ."

வடிவாப் பார்த்தா. முகம் இளகிச்சுது.

"கவலைப்படாதையுங்கோ. சிறீலங்கா ஆக்கள் தங்கமான ஆக்கள். என்ரை வீட்டிலையும் ஒருத்தன் ஆறு வருசமா வேலை செய்யிறான். எங்கடை குடும்பத்திலை ஒராள் மாதிரி. அவனுக்கு ஒரு ஒப்பந்தம் எழுதிக் குடுக்கோணுமெண்டு எனக்குச் சரியான விருப்பம்."

"எழுதுங்கோவன், சிஞ்ஞோரா. பேனை கையிலைதானே இருக்கு."

"ஓம், ஓம், இப்பவே எழுதலாம். அவன்ரை பேர்தான்..."

பாஸ்போட் அவவின்ரை மற்றக் கையிலை, படமும் பேரும் இருக்கிற பக்கத்திலை, விரிஞ்சபடி. சிஞ்ஞோரா பேனையைக் கடிச்சுக்கொண்டு, உண்மையான அன்போடை, கன நேரம் யோசிச்சா.