பின்னுரித்தாளர் இல்லை

விதி இதுதான்: வங்கியில் காசு வைத்திருப்பவர், தனக்குப் பிறகு அது யாருக்குப் போகவேண்டும் என்று ஒருவரை எழுத்தில் நியமித்திருந்தால், அந்த ஒருவர் இறப்புச் சான்றிதழையும் தன் அடையாள அட்டையையும் கொண்டுபோய்க் காட்டினால் போதும். மரணசாசனம் தேவையில்லை. நீதிமன்றம் தேவையில்லை. சத்தியக் கடதாசி தேவையில்லை. முக்கியமாக, மருமகன் தேவையில்லை. அப்படி நியமிக்கப்பட்டவரை எங்கள் படிவங்கள் ‘பின்னுரித்தாளர்’ என்று அழைக்கும்.

அரச சேவையில் கிளாக்கராக இருந்த காலம் முழுக்க இந்த விதியை நான் ஊருக்கெல்லாம் விளக்கியிருக்கிறேன். என் மேசைக்கு மேலே ‘வாசியாமல் ஒப்பமிடாதே’ என்று ஒரு மட்டை தொங்கியது. எழுதியது நான்தான். (எழுத்து நன்றாயிருக்கும். அதைத்தான் எல்லாரும் பாராட்டினார்கள்.)

சண்டையில் கிளிநொச்சியை விட்டு எல்லாரும் மேற்கே நகர்ந்ததற்கு அடுத்த வருடம், ஆவணியில், மல்லாவியில் என் மாமா காலமானார். அம்மாவின் தம்பி. நீர்ப்பாசனப் பகுதியில் ஓவசியராக இருந்து இளைப்பாறியவர். குளத்துக் கதவைத் திறக்கச் சொல்வதற்கு மட்டும் வாய் திறப்பவர் என்று மாமி சொல்லுவா. பிள்ளைகள் இல்லை. மரணசாசனமும் எழுதவில்லை. மிஞ்சியது மாமியும், ஒரு வங்கிப் புத்தகமும்.

மாமிக்கு அந்தக் காசு ஒரேயொரு விஷயத்துக்குத்தான் தேவைப்பட்டது: தையல் மெசின். அவாவின் பழைய மெசின் இடப்பெயர்வில் எங்கேயோ நின்றுவிட்டது. பக்கத்துக் கொட்டிலில் இருந்த செல்லம்மா, மலையகத்திலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் கமம் செய்தவள், மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு சும்மா கிடந்த மெசினை விற்க நினைத்திருந்தாள்.

“தை வரைக்கும் யாருக்கும் குடுக்க மாட்டேன் அக்கா. அதுக்கப்புறம் நான் வெதநெல்லு வாங்கணும்” என்றாள்.

தையில் பள்ளிக்கூடம் தொடங்கும். அதற்கு முதல் ஊர்ப்பிள்ளைகள் எல்லாருக்கும் சீருடை தைக்கவேண்டும். அந்தத் தையலைப் பிடித்தால் மாமி யார் கையையும் எதிர்பார்க்காமல் இருக்கலாம். விட்டால் அடுத்த தை வரை நிவாரண அரிசிதான்.

“தம்பி, உனக்குத்தானே எல்லா நடைமுறையும் தெரியும். ஒருக்காப் பார்” என்றா.

(இந்த வசனத்தை என்னிடம் யாரும் சொல்லக்கூடாது. அன்றும் சரி, இன்றும் சரி.)

வங்கியும் எங்களைப்போல இடம்பெயர்ந்து ஒரு வீட்டு விறாந்தையில் இயங்கியது. மேசையில் இருந்த பெண்பிள்ளைக்கு இருபத்தைந்து வயது இருக்கும். முதல் கேள்வியே சரியான கேள்வி.

“ஐயா, பின்னுரித்தாளர் ஆரையும் நியமிச்சிருக்கிறாரோ?”

“இல்லை.”

“பழைய பதிவேடெல்லாம் சாக்குக்குள்ள கிடக்கு. ஒரு கிழமை தந்தீங்களெண்டால் தேடிப் பாக்கிறன்.”

“தேட வேண்டாம் பிள்ளை. மாமாவை எனக்குப் பிறந்த நாளிலயிருந்து தெரியும். அவர் கடைக்குச் சாமான் துண்டுகூட எழுதாத மனிசன்.”

அவள் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள். நான் படிவத்தை என் பக்கம் இழுத்து, ‘பின்னுரித்தாளர் இல்லை’ என்று என் முத்து முத்தான எழுத்தில் நிரப்பி, அடியில் ஒரு கோடும் போட்டேன். அந்தக் கோடுதான் இன்றைக்கும் என்னைச் சுடுகிறது.

பிறகு தொடங்கியது என் திருவிழா. கிராம சேவகரிடம் உறுதிக் கடிதம். சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி. மூன்று தலைமுறைக் குடும்ப விருட்சம். எங்கள் பகுதிச் சட்டமான தேசவழமைப்படி, தேடியதேட்டத்தில், அதாவது கலியாணத்துக்குப் பிறகு சம்பாதித்ததில், பாதி மாமிக்கு, மீதி மாமாவின் சகோதரங்களுக்கு என்று அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். “என்ர தம்பின்ர பெண்சாதியின்ர காசிலை எனக்குப் பங்கோ? உன்னைப் படிப்பிச்சது பிழையாப் போச்சு” என்று அம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், பங்கு வேண்டாம் என்று எழுதிய கடதாசியில் கைநாட்டு வைத்தா. அவாவுக்கு நன்றாகக் கையெழுத்துப் போடத் தெரியும்.

அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் இப்படியான காரியங்களில் வேறு உரிமையாளர் உண்டா என்று பத்திரிகையில் விளம்பரம் செய்வது முறை. வங்கி கேட்கவில்லை. நான் கேட்டேன், என்னிடமே. எங்களிடம் பத்திரிகை வந்துசேர்வதே பெரும்பாடு. ஆகவே ஐந்து பிரதி தட்டச்சுச் செய்து சந்தையிலும் கோயிலடியிலும் ஒட்டினேன்: ‘உரிமை கோருவோர் எதிர்வரும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அடையாள அட்டையுடன் சமூகமளிக்கவும்.’ கீழே மாமி வீட்டுக்கு வழி. அதற்கும் கீழே, தாள் போதாததால் கையால் பொடியாக, மாமாவின் பெயர். எல்லாவற்றுக்கும் கீழே என் பெயரும் ‘பிரதம இலிகிதர்’ என்ற பதவியும்.

இடம்பெயர்ந்த சனத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. வரிசை கண்டால் முதலில் நிற்பார்கள். என்னத்துக்கு என்று பிறகு விசாரிப்பார்கள். விசாரித்துவிட்டு வந்தால் இடம் போய்விடும். இதை எத்தனையோ நிவாரண வரிசையைக் கட்டிய நானே மறந்துபோனேன்.

முதல்நாளிரவே வந்து மாமி வீட்டில் படுத்திருந்த என்னை, சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவா எழுப்பினா. “தம்பி, எழும்பு. மாமாவுக்கு உரித்துக்காரர் கொஞ்சம் வந்திருக்கினம்.”

கார்த்திகைச் சேற்றில், வேலியிலிருந்து ஒழுங்கை முடக்கு வரை சனம். குடும்ப அட்டை, உரப்பை, எண்ணெய்ப் போத்தல், இடுப்பில் பிள்ளை. நான் கதிரையில் ஏறி நின்று, மரணசாசனமின்றி இறந்தோரின் உடைமை பற்றி ஐந்து நிமிடம் விளக்கினேன்.

“அப்ப மா இல்லையோ?” என்றது ஒரு குரல்.

“கூரைக்குத் தறப்பாளாவது?” என்றது இன்னொன்று.

முன்னால் நின்ற ஒரு பெரியவர் அடையாள அட்டையை நீட்டினார். “நான் துணுக்காயிலயிருந்து விடியக் காலமை நடந்து வாறன். உரிமை கோருறன். எதுக்கெண்டு நீங்கள் சொல்லுங்கோ.”

“ஐயா, இது செத்துப்போன ஒருவரின்ர...”

“செத்தவருக்கே குடுக்கினமெண்டால் உயிரோட நிக்கிற எங்களுக்கு ஏன் இல்லை?”

சனம் சிரித்தது. பிறகு சிரிப்பு நின்றது. அது சிரிப்பதைவிட மோசம். நான் கதிரையிலிருந்து இறங்க வழி பார்த்தேன். சேற்றில் கதிரைக் கால் புதைந்து, நான் ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் வேலிக்கு மேலால் செல்லம்மாவின் குரல் கேட்டது. “கிளாக்கர் ஐயா சொல்றது யாருக்கும் வெளங்கல! ஸ்கூல் சட்டைக்கு அளவெடுக்கிறாங்க! புள்ளைங்கள முன்னுக்கு விடுங்க!”

பள்ளிக்கூடங்களில் இலவசச் சீருடைத் துணி பங்கிட்டு ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. மாமி ஒரு நொடி அவளைப் பார்த்தா. மறுநொடி அளவுநாடா கழுத்தில் ஏறிவிட்டது.

“தம்பி, சரிஞ்சது போதும். கொப்பியை எடு.”

உரிமை கோருவோருக்காக நான் கோடு போட்டு வைத்திருந்த பதிவேடு அது. பெயர், உறவுமுறை, கோரிக்கை என்று மூன்று நிரல். பின்னேரம் வரை ‘கோரிக்கை’ நிரலில் ‘நெஞ்சு இருபத்துநாலு, நீளம் பதினெட்டு’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். துணுக்காய்ப் பெரியவர் கடைசிவரை நின்று பேரனுக்கு ஒரு காற்சட்டை சொல்லிவிட்டுப் போனார். பேரனின் உயரத்தைத் தன் இடுப்பில் கை வைத்துக் காட்டினார்.

அன்றிரவே செல்லம்மா மெசினைத் தலையில் சுமந்து வந்தாள். “ஒங்க பேங்கு எப்ப தொறக்கும்னு நான் காத்துக்கிட்டு இருக்க முடியாது. மெஷினு இங்க கெடக்கட்டும் அக்கா. வெதநெல்ல நான் எப்புடியோ பாத்துக்கிறேன். என் பேரப்புள்ளைங்க நாலு பேருக்கும் நீங்கதான் தைக்கணும், கலியாணம் வரைக்கும்.”

“கலியாணச் சட்டையும் நான்தான்” என்றா மாமி.

தையில் பள்ளிக்கூடம் தொடங்கியது. மல்லாவி வீதியில் போன வெள்ளைச் சட்டைகளில் பாதி மாமியின் கைவேலை. நான் மட்டும் வங்கியை விடவில்லை. நினைவூட்டல் கடிதம், இரண்டாம் நினைவூட்டல், மூன்றாம் நினைவூட்டல், ஒவ்வொன்றும் மூன்று பிரதி.

கடைசியில், மாமி வீட்டில் எல்லாரும் கூடியிருந்த ஒரு நாளில், பதில் வந்தது. நான் சத்தமாக வாசித்தேன். பழைய பதிவேடுகள் பிரிக்கப்பட்டதில் மாமாவின் நியமனப் படிவம் கிடைத்துள்ளதாம். பின்னுரித்தாளர்: மனைவி. இறப்புச் சான்றிதழுடனும் அடையாள அட்டையுடனும் அவர் நேரில் வந்தால் போதுமாம். படிவத்தின் பிரதி இணைக்கப்பட்டிருந்தது.

மாமி பிரதியை வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்து, அடிவரை பார்த்தா.

“தம்பி, உந்தச் சாட்சிக் கையெழுத்து ஆற்றையெண்டு பாத்தியோ? எழுத்து நல்ல வடிவா இருக்கு.”

என்னுடையது. பதவி முத்திரையோடு. அப்போதுதான் ஞாபகம் வந்தது: கிளிநொச்சியில், ஒரு மதியச் சாப்பாட்டு நேரம், மாமா ஒரு பை கத்தரிக்காயோடு அலுவலகத்துக்கு வந்து, “இதில ஒரு கையெழுத்து வை” என்று ஒரு தாளை நீட்டினார். நான் கத்தரிக்காயைப் பார்த்தேன். தாளைப் பார்க்கவில்லை. மேசைக்கு மேலே மட்டை ஆடிக்கொண்டிருந்தது.

செல்லம்மா சிரித்து முடிக்கக் கனநேரம் எடுத்தது. வங்கியில் மாமியின் அலுவல் முடியக் கால்மணித்தியாலம் எடுத்தது. அந்தக் காசில் செல்லம்மா வீட்டுக்கு இரண்டு மூட்டை விதைநெல் போனது. அவள் வேண்டாம் என்று சொன்னதை மாமி காதில் வாங்கவில்லை. எங்கள் குடும்பத்தில் இன்றுவரை, கூழ் காய்ச்சினால், முதல் கோப்பை எனக்குத்தான். மரியாதைக்கு அல்ல. “சாட்சிக்கு முதல் ஊத்துங்கோ, பிறகு, தான் குடிக்கேல்லை எண்டு எழுதிக் குடுத்திடுவார்” என்று சின்னன்கள்கூடச் சொல்லுகின்றன.

கடிதம் வந்த அன்றைக்கும் கூழ்தான் காய்ச்சியிருந்தார்கள். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருக்க, செய்வதறியாமல், சேவைக்கால வழக்கப்படி, கடிதம் கிடைத்த திகதியை அதன் வலது மூலையில் சிவப்பு மையால் எழுதினேன்: ‘கிடைத்தது. ஆடிப்பிறப்பு.’