கதிர் நின்ற பிறகு ஏறிய கோடு

அறிவியல் படித்தவன் பேய்க்குப் பயப்பட மாட்டான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் பயந்திருக்கிறேன். அதுவும் பட்டப்பகலில், கணினி அறையில்.

தொண்ணூறுகளின் நடுவில் கோலாலம்பூரில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். அணுத்துகள்களைக் கண்டறியும் சிலிக்கான் தகடுகள் கதிர்வீச்சு பட்டுப் பட்டுக் கெட்டுப்போகும். அவற்றை எப்படிச் செய்தால் தாக்குப்பிடிக்கும் என்று கணினிக்குள்ளேயே செய்து பார்ப்பது என் வேலை. (நிஜத் தகட்டை நான் கண்ணால் கண்டதுகூட இல்லை.) சேதம் கூடினால் திரையில் கோடு ஏறும்.

ஒருநாள் கணினிக்குள் ஓடிய கதிர்வீச்சை முழுதாக நிறுத்தினேன். கோடு கொஞ்சம் இறங்கியது. பிறகு தானாக ஏறத் தொடங்கியது.

அறையில் ஏர்கான் சத்தம் மட்டும். செத்த ஒன்று உள்ளே அழுகிக்கொண்டிருப்பதுபோல் கோடு மேலே போய்க்கொண்டே இருந்தது. மூன்று முறை முதலிலிருந்து ஓட்டினேன். மூன்று முறையும் அதே. கழுத்துக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் அக்காவிடம் சொன்னேன். அவள் மருத்துவமனையில் தாதி.

"அடி பட்டு முடிஞ்ச பிறகுதான்டா வீக்கம் ஏறும். உன் சார்கிட்ட காட்டு லா."

காட்டவில்லை. நான்கு நாளில் கருத்தரங்கில் நான் பேச வேண்டும். கணினி நிரலில் ஒரே ஒரு வரி சேர்த்தேன்: கதிர் நின்றால் கோடும் நிற்க வேண்டும். நின்றது. அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

கருத்தரங்கில் வெளிநாட்டு அம்மையார் ஒருவர் முதலில் பேசினார். கதிர் பட்ட நிஜத் தகட்டை மேசையில் சும்மா போட்டுவைத்து அளந்திருந்தார். கொஞ்சம் இறங்கி, தானாக ஏறும் கோடு. என் பேய்.

"குளிரில் வைத்தால் அடங்குகிறது. ஏன் என்று யாராவது கணினியில் காட்டினால் நன்றாயிருக்கும்" என்றார்.

அடுத்து நான். என் கோடு மேசை விளிம்புபோல் நேராக இருந்தது.

மற்றவர்களுக்குப் புரியக்கூடாதென்று என் பேராசிரியர் தமிழில் கேட்டார். (அரங்கில் பாதிப் பேர் தமிழர்கள்.)

"தம்பி, நெஜமாவே நேராத்தான் வந்துச்சா?"

"இல்ல சார். ஏறுச்சு. பயமா இருந்துச்சு. நான்தான் நிப்பாட்டிட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம்.

அந்த ஒரு வரியை அழித்துவிட்டு எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினேன். பட்டம் ஓராண்டு தள்ளிப்போனது. எங்கள் வீட்டில் மதிப்பெண் அட்டையை மறைப்பவனுக்கும், காரில் விழுந்த நெளிவை மறைப்பவனுக்கும் இன்றுவரை 'கோட்டை நேராக்கியவன்' என்றுதான் பெயர்.

அக்கா இப்போது கிள்ளானில் இருக்கிறாள். போன மாதம் தன் சர்க்கரை ரிப்போர்ட்டை என்னிடம் நீட்டினாள்.

"இந்தக் கோட்டையும் கொஞ்சம் நேராக்கிக் குடுடா."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் மட்டும் ரிப்போர்ட்டை இரண்டு முறை பார்த்தேன். கோடு ஏறிக்கொண்டுதான் இருந்தது.