தெருமுனை தாண்டாத வண்டி

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமா எழுதிக்கொண்டது. இங்கே நான், உங்கள் அத்தை, மோட்டார் சைக்கிள் ஆகிய மூவரும் சௌக்கியம். மூவரில் ஒருவரை விற்பதற்காகத் தாங்கள் போட்டுக்கொடுத்த விளம்பரமும் சௌக்கியமாக வேலை செய்கிறது. அங்கே தாங்களும் என் மகளும் இதைவிட நன்றாக இருக்க வேண்டும். போனில் சொல்லலாம்தான். ஆரம்பித்தால் பாதியில் உங்கள் அத்தை போனை வாங்கி மீதியைச் சொல்லிவிடுவாள், அதுவும் வேறு மாதிரி. ஆகவே கடிதம்.

வண்டியை ஏன் விற்கிறேன் என்று மகளிடம் கேட்டிருப்பீர்கள். வயசாகிவிட்டது என்று அவளிடம் சொல்லிவைத்தேன். உண்மை அதுவல்ல. ஒரு சாயங்காலம் மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது, பேச்சு சுவாரசியத்தில் உங்கள் அத்தையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டுமென்று பின்னால் திரும்பினேன். வீடு கட்டுகிறவர்கள் கொட்டியிருந்த மணல்மேட்டில் வண்டி ஏறி நின்றுவிட்டது. எனக்கு ஒன்றுமில்லை. அவளுக்கும் ஒன்றுமில்லை, சப்பணம் போட்டு மணலில் உட்கார்ந்திருந்தாள். செருப்பில் ஒன்றைத்தான் கடைசி வரை காணோம். வீட்டுக்கு வந்ததும், "ஒண்ணு இந்த வண்டி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாள். நான் ஆற அமர யோசித்து, மறுநாள் காலையில், உன்னையே வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், "ராத்திரி முழுக்க யோசிக்க வேற செஞ்சீங்களா" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

எனக்கு விற்க மனசே இல்லை, மாப்பிள்ளை. கல்யாணமான வருஷம் வாங்கியது. நாங்கள் கிளம்பும் அழகைத் தாங்களே பார்த்திருக்கிறீர்கள். கேட்டைத் திறப்பது, சீட்டைத் துடைப்பது, பெட்ரோல் டேப்பைத் திருகுவது, பையை மாட்டுவது எல்லாம் அவள். உதைப்பது மட்டும் நான். ஆனால் கட்டியவள் பயந்துகொண்டு உட்கார வேண்டிய வண்டி எதற்கு? அதனால்தான் தங்களைத் தொந்தரவு செய்தேன்.

விளம்பரத்துக்குத் தாங்கள் எடுத்த படம் பிரமாதம். அதைப் பார்த்து முதலில் வந்தவர் ஒரு பெயின்டர். வண்டியைச் சுற்றி வந்தார், குனிந்தார், நிமிர்ந்தார், பின்னால் சுவரைக் காட்டி, "சார், சாத்தி வெச்சிருக்கீங்களே அந்த ஏணி, அதுவும் விலைக்குத்தானா?" என்றார். ஏணி போய்விட்டது. நல்ல மனுஷர், போகிற போக்கில் கேட்டுக்கு ஒரு கை பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்.

அடுத்து வந்தவர் தனியாக வரவில்லை, வண்டி விஷயம் தெரிந்தவர் என்று ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். தெரிந்தவர் செயினைத் தொட்டுப் பார்த்து, "லூசா இருக்கே" என்று உதட்டைப் பிதுக்கினார். நான் பம்ப் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனில் இருந்தவன் என்பது தங்களுக்குத் தெரியும். சர்வீஸ் முழுக்க ஒரு சாமானையும் நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னதில்லை, சொன்னால் சம்பளம் கிடையாது. ஒருவர் என் கண் முன்னால் குறை கண்டுபிடிக்கும்போது சும்மா இருக்க முடியுமா? "செயின் கிடக்கட்டும், பின் பிரேக்கைப் பாருங்க, அதைவிட மோசம்" என்றேன். தெரிந்தவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு பேருமாக உட்கார்ந்து வண்டியை அக்கு வேறு ஆணி வேறாக அலசினோம். நான் ஓய்வு பெற்ற பிறகு அவ்வளவு நிம்மதியாக ஒரு காலைப்பொழுது போனதில்லை. வாங்க வந்தவர் எப்போது போனார் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

பிறகு ஒரு எலக்ட்ரீஷியன். ஓட்டிப் பார்க்கக் கேட்டார். சாவியைக் கொடுத்தேன். ஒரே உதையில் கிளம்பி, தெருமுனையில் சலவைக் கடை வாசலுக்குப் போனதும் வண்டி விக்கி விக்கி நின்றது. உதைத்தார், உதைத்தார், ஊஹூம். தள்ளிக்கொண்டு வந்தார். பாவம், வியர்த்துக் கொட்டியது. உங்கள் அத்தை "முதல்ல உள்ள வந்து டீ குடிங்க" என்று எங்களை உட்காரவைத்தாள். டீ வருகிறவரை அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை, பேச்சற்றுக் கிடந்த வாசல் மணியைக் கழற்றிச் சரிசெய்துவிட்டார். உங்கள் கல்யாணம் முடிந்து மகள் புறப்பட்டதிலிருந்து, யார் வரப்போகிறார்கள் என்று அதை அப்படியே விட்டிருந்தோம். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அவர் போன பிறகு நான் வண்டியை உதைத்தேன். ஒரே உதையில் கிளம்பியது, மாப்பிள்ளை. தெருமுனையைத் தாண்டி ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோருக்கும் இதே கதை. யார் ஓட்டினாலும் சலவைக் கடை வாசல், அதைத் தாண்டாது. சலவைக்காரர் இப்போது வெளியே ஒரு ஸ்டூல் போட்டு வைத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து டீ குடித்து முடித்து நான் உதைத்தால் மட்டும் கிளம்புகிறது. வண்டிக்கு என்மேல் இவ்வளவு விசுவாசம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கடைசியாக 'கடைசி விலை'க்காரர். விளம்பரம் வந்த அன்றே போன் செய்து, வணக்கம்கூடச் சொல்லாமல், "லாஸ்ட் என்ன?" என்றவர். வண்டியைப் பார்த்தீர்களா என்றால், "அதை அப்புறம் பாத்துக்கலாம் சார், லாஸ்ட் சொல்லுங்க" என்பார். ஏதோ குடோனில் இரவுக் காவல். வேலை முடிகிற நேரத்தில் தினம் கூப்பிட்டு லாஸ்ட் கேட்பார், பிறகு அவர் மகள் படிப்பு, என் முட்டிவலி என்று பேச்சு நீளும். இப்போதெல்லாம் அவர் கூப்பிடாவிட்டால் எனக்குக் காலைக் காபி இறங்குவதில்லை. நேற்று நேரிலேயே வந்துவிட்டார். மணி அடித்தது. ஓட்டினார், சலவைக் கடையில் நின்றது, குனிந்து என்னவோ பார்த்தார், தள்ளிக்கொண்டு வந்தார். டீயைக் கையில் வாங்கிக்கொண்டு, "சார், இந்த வண்டிக்கு உங்களை விட்டுப் போக மனசில்ல, விட்டுடுங்க" என்றார். நானும் அதைத்தான் சொன்னேன்.

ஆனால் கொடுத்த வாக்கு என்று ஒன்று இருக்கிறதே. உங்கள் அத்தை கேட்டது இது ஒன்றுதான். ஓடாத வண்டியை யாரும் ஓட்டிக்கொண்டு போகப்போவதில்லை, ஆகவே பழைய இரும்புக்காரரிடம் பேசிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வேனில் ஏற்றிக்கொள்கிறார். விளம்பரத்தை நீக்கிவிடவும். இத்தனை நல்லவர்களை வாசலுக்குக் கொண்டுவந்த தங்கள் கை நன்றாக இருக்க வேண்டும். குழந்தைகள் நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், சாலையை நேராகப் பார்த்து ஓட்டி, நிறைந்த ஆயுளோடு வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் நலம் நாடும் மாமா

பின்குறிப்பு: மாப்பிள்ளை, அத்தை எழுதறேன். கடிதத்தை ஒட்டிப் போடச் சொல்லி என்கிட்ட கொடுத்தார், படிச்சிட்டேன். வண்டிக்கு விசுவாசமும் இல்ல, ஒண்ணும் இல்ல. வர்றவங்க கையில சாவி போறதுக்கு முன்னாடி பெட்ரோல் டேப்பை மூடிடுவேன். குழாய்ல மிச்சம் இருக்கறது சலவைக் கடை வரைக்கும் வரும். டீ குடிக்க உள்ள அனுப்பிட்டு மறுபடி திறந்துடுவேன். அந்த டேப்பை இத்தனை வருஷமா நான்தானே திருகறேன், ஊர்ச் சாமான்ல எல்லாம் குறை கண்டுபிடிக்கிற மனுஷனுக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே மறந்துபோச்சு. காவல்காரர் மட்டும் பாத்துட்டார். டேப்பைப் பாத்தார், என்னைப் பாத்தார், டீயை வாங்கிக்கிட்டார். மணல்ல உக்காந்த கோபத்துல ஒரு வார்த்தை சொன்னேன். விக்க வேண்டாம்னு நானா எப்படிச் சொல்றது, அவர் கேக்கவும் இல்ல. வீட்ல என்கிட்ட வாயே திறக்காத மனுஷன், வண்டியில ஏறினாத்தான் பேசறார். காத்துல பாதி கேக்காது, இருந்தாலும் அதுக்காகத்தான் பின்னாடி ஏறறேன். வேனுக்கு டேப்பை மூடி என்ன பிரயோஜனம்? அதனால இரும்புக்காரரை வர வேண்டாம்னு சொல்லிட்டேன். இன்னிக்குச் சாயங்காலம் மார்க்கெட்டுக்குப் போகலாமான்னு நானே கேக்கப்போறேன். டேப் விஷயம் அவருக்குத் தெரிய வேண்டாம், விசுவாசம்னே இருந்துட்டுப் போகட்டும். நீங்க விளம்பரத்தை எடுத்துடாதீங்க. யாரும் வாங்க முடியாத மாதிரி விலையை மட்டும் ஏத்திப் போடுங்க. வீட்ல மணி அடிக்கறது நல்லா இருக்கு.