சாரெல் ஸ்வானபுல் எடுத்து வைத்திருந்த பலகை

வெள்ளையர் ஆட்சி போன பிறகு தென்னாப்பிரிக்காவில் சில காலம் அருமையான ஒரு சட்டம் இருந்தது. குறிப்பிட்ட சில நாள்களில் மட்டும் மக்கள் பிரதிநிதிகள் கட்சி மாறிக்கொள்ளலாம், பதவி போகாது. ஸ்காப்கோப் ஊர்க்காரர்கள் செம்மறி வளர்ப்பவர்கள். அதனால் அந்த நாள்களுக்கு 'பட்டி திறக்கிற வாரம்' என்று பேர் வைத்திருந்தார்கள்.

நகர்மன்ற உறுப்பினர் திருவாளர் சாரெல் ஸ்வானபுல் இரண்டு முறை பட்டி மாறியவர். வெள்ளையர் ஆட்சியை நடத்திய பழைய கட்சியிலிருந்து நடுவில் முளைத்த ஒரு கட்சிக்கு. அங்கிருந்து, போராடி ஆட்சிக்கு வந்த கட்சிக்கு. தான் நின்ற இடத்திலேயே நின்றதாகவும் கட்சிகள்தான் நகர்ந்துவிட்டதாகவும் பணிவன்புடன் சொல்லுவார். இப்போது அவருக்கு நகரத் தலைவர் நாற்காலி வேண்டும்.

கட்சியின் கிளைத் தலைவி நோக்வாண்டா அம்மாள் விசாரித்தாள்.

"போராட்டத்துல நீங்க என்ன செஞ்சீங்க?"

"மனசுக்குள்ள கடுமையா எதிர்த்தேம்மா."

"யாருக்காவது தெரியுமா?"

"ரகசியமால்ல எதிர்த்தேன்!"

"மருந்துக்கடைக்காரரும் இதையேதான் சொன்னாரு. பாதிரியாரும் இதையேதான் சொன்னாரு."

உண்மைதான். ஸ்காப்கோப்பில் அந்த ஆட்சியை ஆதரித்தவர் ஒருவர்கூட இல்லை. அவ்வளவு காலம் அதை யார் நடத்தினார்கள் என்பது இன்றுவரை துலங்காத மர்மம்.

அந்தச் சமயத்தில் மேலிடம் ஆணையிட்டது: நல்லிணக்க நாளன்று ஊருக்கு ஒருவர் மேடையேறி, செய்த கொடுமைக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்; தலைவர் பதவிக்கு அவருக்கே முன்னுரிமை.

சாரெல் வீட்டுக்கு ஓடினார். மனைவி ஹெஸ்டர் முற்றத்தில் கரிநெருப்பில் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பலகை எங்கடி?"

"எந்தப் பலகை?"

"பூங்கா பெஞ்சுல நான் அடிச்சு வெச்சேனே, 'வெள்ளையருக்கு மட்டும்'னு."

"அதைக் குப்புறப் போட்டுத்தானே இத்தனை வருஷமா கறி வெட்டுறோம்! நேத்து வரைக்கும் அப்படி ஒண்ணு கிடையவே கிடையாதுன்னீங்க?"

"நேத்து நான் நல்லவன். இன்னைக்கு அது செல்லாது. எடு!"

கட்சி மண்டபத்தில், மன்னிப்புக் கேட்கப் பேர் கொடுக்க ஏற்கெனவே வரிசை நின்றது.

"கறுப்பருக்குத் தனி ஜன்னல் வெச்சு மருந்து கொடுத்தவன் நான்!" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"தேவாலயத்துலயே உள்ள விடாதவன் நான்!" என்றார் பாதிரியார்.

"அட, தள்ளுங்கய்யா!" சாரெல் பலகையைத் தூக்கிக் காட்டினார். "இந்த அம்மாவையே பெஞ்சுலேருந்து எழுப்பி விட்டவன் நான்!"

நோக்வாண்டா பலகையைப் பார்த்தாள். ஆட்டுக்கொழுப்பு நாறியது.

"ஆமா," என்றாள் மெதுவாக. "வயித்துல பிள்ளையோட உக்காந்திருந்தேன். எழுப்பினது இவருதான்."



"கேட்டீங்களா?" என்றார் சாரெல், முகமெல்லாம் மலர. "சாட்சியே இருக்கு!"

அவர் மேடையில் அழுதார். அம்மாள் மன்னித்தாள். அவர் நகரத் தலைவரானார். முதல் வேலையாக அந்தப் பழைய பெஞ்சைத் தேடியெடுத்து, நகர்மன்ற வாசலில் மர நிழலில் போட்டார். நோக்வாண்டா அதில் உட்கார்ந்து, கண்ணை மூடிக் காலை நீட்டினாள். பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள்.

மறுநாளிலிருந்து, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று முறையிட வந்த பெண்கள் அதில் உட்கார ஆரம்பித்தார்கள். கட்சிக்காரர்கள் வெயிலில் நிற்கவேண்டியதாயிற்று.

"இப்படியே விட்டா எப்படி?" என்றாள் நோக்வாண்டா. "ஒரு பலகை அடிச்சா நல்லது."

"எங்கிட்டயே ஒண்ணு இருக்கும்மா," என்றார் சாரெல்.

பொதுப்பணம் வீணாகவில்லை. 'வெள்ளையருக்கு' என்பதை மட்டும் அழித்து 'உறுப்பினருக்கு' என்று எழுதினார்கள். 'மட்டும்' இன்னும் நன்றாகவே இருந்தது. பெஞ்சில் பழைய ஆணி ஓட்டைகளும் அப்படியே இருந்தன. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி, சாரெல் சுத்தியலோடு வருவதைப் பார்த்து, யாரும் சொல்லாமலே எழுந்து நின்றாள்.