சிவப்பு மை படாத பக்கங்கள்

முந்நூறு பக்கம் படித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது, சிவப்புப் பேனாவின் மூடியையே இன்னும் கழற்றவில்லை என்று.

கதை அப்படி. கொலைப் பழியோடு கூண்டில் ஒரு டாக்டர். குறுக்கு விசாரணையில் சாட்சிகள் வரிசையாகப் பல்டி அடிக்கிறார்கள். இந்த நேரத்தில் ஒற்று மிகுமா மிகாதா என்று எவள் பார்ப்பாள்?

பதிப்பக முதலாளி பார்ப்பார். போன புத்தகத்துக்குப் பிழை திருத்தியபோது அட்டையில் எழுத்தாளர் பெயரையே பிழையோடு விட்டவள் அவள். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற வேலை தேடிக்கம்மா" என்று பாசத்தோடு சொல்லியிருந்தார். திருத்திய தாள்கள் மூன்று மணிக்கு அச்சகத்தில் இருக்க வேண்டும்.

முதல் பாதியைக் கணவன் கையில் திணித்தாள். கடைப் பலகையில் பிழை கண்டால் கடைக்காரரோடு சண்டை போடுகிற தமிழாசிரியர் அவர்.

"இதெல்லாம் ஒரு வேலையா? குடு."

ஒரு மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தாள். பேனா காதில் சொருகியிருந்தது.

"எத்தனை பிழைங்க?"

"சும்மா இரு. நர்ஸ் பொய் சொல்றா."

மிச்சத்தை மாமியாரிடம் கொண்டுபோனாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் குறை கண்டுபிடிக்கும் இலாகா அவருடையது.

"அத்தை, இதுல என்னென்ன தப்பு இருக்குன்னு பாருங்க."

"இப்பவாச்சும் என்னைக் கேக்கணும்னு தோணுச்சே."

பத்துப் பக்கம்கூடத் தாண்டவில்லை.

"முன்னாடி நடந்தது தெரியாம இதை எப்படிடி படிக்கறது?" என்று மகன் கையிலிருந்ததைப் பிடுங்கினார். மகன் விடவில்லை. கட்டு பறந்தது. கொலை ஜன்னலோரத்திலும் தீர்ப்பு கட்டிலுக்கு அடியிலும் போய் விழுந்தன.

மூவரும் தவழ்ந்து பொறுக்கினார்கள். பொறுக்கிய பக்கத்தைப் படித்து முடிக்காமல் யாரும் தரவில்லை.

மூன்று மணிக்கு அச்சகத்தில் முதலாளி தாள்களைப் புரட்டினார்.

"என்னம்மா, ஒரு கோடுகூட இல்ல?"

"படிச்சேன் சார். திருத்தத்தான் தோணல. எங்க வீட்டுக்காரருக்கும் தோணல. என் மாமியாருக்கே தோணல சார்!"

முதலாளி கட்டை அச்சு மெஷின்காரரிடம் நீட்டினார். அவர் நாலு பக்கம் பார்த்துவிட்டுப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"நாம வேணும்னே போட்டு வெச்ச பிழை அத்தனையும் அப்படியே இருக்கு மொதலாளி! கதை பாஸ்! திருத்தி வெச்ச காப்பியைத் தைரியமா பத்தாயிரம் அடிச்சுடலாம்."